ஒரு குழிக்கு ஒரு பெயர்

ஓய்வு பெற்ற மறுமாதமே தஞ்சாவூரில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் மாணவனாகச் சேர்ந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவன், ஐம்பத்தெட்டு வயதில், ஏ.சி. அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் பிள்ளையைவிடச் சின்னவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் எங்காவது கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஜாவா தெரிந்தவர்கள் அமெரிக்காவுக்கு, தெரியாதவர்கள் வளைகுடாவுக்கு. என் மகன் முதல் வகை. போகும்போது தன் கணினியை என்னிடம் விட்டுப்போயிருந்தான். அதைப் பழகத்தான் வகுப்புக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை வேறு. கல்லூரியை விட்டு வந்த பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

பாடம் எடுத்த பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். ஹாஷ்மேப் என்ற ஒன்றை அவள் நடத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது.

"ஒரு கீ, அதுக்கு ஒரு வேல்யூ. அவ்வளவுதான் சார். பேங்க் லாக்கர் மாதிரி நினைச்சுக்கோங்க. நம்பர் சொன்னா உள்ள இருக்கறது வரும்."

"ஒரே நம்பர்ல ரெண்டு பொருள் வச்சா?" என்று கேட்டேன்.

"வைக்க முடியாது சார். ரெண்டாவது வச்சீங்கன்னா முதல்ல இருந்தது போயிடும். எரர் வராது, எச்சரிக்கை வராது. சத்தமே இல்லாம போயிடும்."

அதை நோட்டில் எழுதி அடியில் கோடும் போட்டேன். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்துவரச் சுற்று ஒன்று எழுத வேண்டும். சுற்று ஒவ்வொரு தடவையும் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: அடுத்தது இருக்கிறதா? இருந்தால் எடுத்துக் கொடுக்கும், மறுபடி கேட்கும். இல்லை என்றால் வெளியே வந்துவிடும். "வரிசைய மட்டும் எதிர்பார்க்காதீங்க சார்," என்றாள். "நீங்க போட்ட வரிசையில திரும்பி வராது. அதுக்குன்னு ஒரு கணக்கு வச்சிருக்கு."

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குக் கிழக்கே வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. நாங்கள் கத்தோலிக்கர்கள். நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள் வரும். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவைத்து, அவரவர் குடும்பத்துக் குழியருகே நிற்போம். பங்குச்சாமியார் இறந்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பார். தன் வீட்டுப் பெயர் வந்ததும் அந்த வீட்டார் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான் சடங்கு. ஆனால் அந்த ஒரு விநாடிக்காக மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

பெயர்கள் ஒரு பழைய நீள நோட்டில் இருந்தன. நோட்டு பைண்டிங் விட்டுப்போய், கறையான் ஓரம் தின்றிருந்தது. அதைக் கணினியில் ஏற்றித்தருகிறேன் என்று நானாகவே போய்ச் சொன்னேன். சாமியார் மகிழ்ந்துபோனார்.

எதைக் கீயாக வைப்பது என்று ஒரு வாரம் யோசித்தேன். பெயரை வைக்க முடியாது. எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கில் பாதிப் பேருக்கு ஐந்தாறு புனிதர்களின் பெயர்தான். அதனால் குழி எண்ணைக் கீயாக்கினேன். கல்லறைத் தோட்டத்துக்கு வரைபடம் இருந்தது. வரிசைக்கு ஓர் எழுத்து, குழிக்கு ஓர் எண். இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருக்கலாம், இரண்டு பேர் ஒரே இடத்தில் இருக்க முடியாது. இந்த வாக்கியத்தைச் சாமியாரிடமும் அவருக்குக் கோயில் வேலைகளில் உதவும் உபதேசியாரிடமும் ஒரு தேற்றம்போலச் சொல்லிக்காட்டினேன். உபதேசியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, பேராசிரியர் முன்னால் பேசுவானேன் என்று நிறுத்திக்கொண்டார். எங்கள் ஊரில் வருடங்கள் கழிந்தபின் அதே குழியைத் திறந்து அதே குடும்பத்தில் அடுத்தவரை வைப்பார்கள். என் அப்பாவைத் தாத்தாவின் குழியில்தான் வைத்தோம். மண்வெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்படியிருந்தும் அதை மறந்தேன்.

பெயர்களை ஒரு கோப்பில் தட்டச்சு செய்து, நிரலுக்குள் ஏற்றி, சுற்றை ஓடவிட்டேன். மத்தியான நேரம், வீட்டில் நான் மட்டும். திரையில் பெயர்கள் இறங்கத் தொடங்கின. இறந்த வரிசையில் அல்ல, குழி வரிசையிலும் அல்ல. வரப்புத் தகராறில் வாழ்நாளெல்லாம் பேசாதிருந்த அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து வந்தார்கள். ஒரே மாதத்தில் போன கணவனும் மனைவியும் கூட்டத்தின் இரண்டு கோடிகளில் நின்றார்கள். மறுபடி ஓட்டினேன், அதே வரிசை. பிறகு அந்த வாரம் இறந்த ஒருவரின் பெயரைச் சேர்த்து ஓட்டினேன். மொத்தக் கூட்டமும் இடம் மாறி உட்கார்ந்திருந்தது. அண்ணனும் தம்பியும் பிரிந்துபோயிருந்தார்கள். காரணம் எனக்குத் தெரியும்: அளவு கூடும்போது மேப் தன்னைப் பெரிதாக்கிக்கொண்டு எல்லோரையும் புதிதாக அடுக்கும். தெரிந்தும், எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்தேன்.

திருநாளன்று மழை தூறிக்கொண்டிருந்தது. தோட்டத்தைச் சுற்றிச் சம்பா வயல்களில் நீர் தளும்பி நின்றது. நான் அச்செடுத்துக் கொடுத்த தாளை வாசிப்பதற்கு முன் சாமியார் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் ஒலிபெருக்கியில் இரண்டு வார்த்தை பேசினேன். "நோட்டு மறக்கும், கம்ப்யூட்டர் மறக்காது," என்றேன். கை தட்டினார்கள். கல்லறைத் தோட்டத்தில் கை தட்டியதை அன்றுதான் கேட்டேன்.

வாசித்து முடித்ததும் உபதேசியார் என்னிடம் வந்தார். "என்ன சார், இந்த வருசம் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு?"

"கம்ப்யூட்டர் வேகம்," என்றேன்.

வாசித்தது சாமியாரின் வாய். அதற்கு எந்தக் கணினி வேகம்? அதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு அக்கா வீட்டுக்கு வந்தார். உறவில்லை, பங்கில் எனக்கு மூத்தவர், அதனால் அக்கா. அவருடைய மகன் மஸ்கட்டில் கட்டட வேலையில் சாரம் சரிந்து இறந்தவன். நாற்பது நாள் கழித்துப் பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று சொன்னதால் யாரும் திறக்கவில்லை. முகம் பார்க்காமலே புதைத்தார்கள். நாலு வருடம் கழித்து, அதாவது அந்த ஐப்பசியில், அவர் கணவரும் போனார். பிள்ளை குழியிலேயே என்னை வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மகனின் மனைவி, குழந்தையில்லாத சின்னப் பெண், மாமியாரோடுதான் இருந்தாள்.

"தம்பி, எங்க வீட்டுக்காரங்க பேரு வந்துச்சு. என் பிள்ளை பேரு வரலியே?"

"மழைச் சத்தத்துல காதுல விழுந்திருக்காதுக்கா."

"எனக்குக் கண்ணுதான் தம்பி மங்கல். காது பாம்புக் காது." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "போன நாலு வருசமும் வந்துச்சு. நோட்டுல இருந்தப்ப வந்துச்சு. கம்ப்யூட்டர்ல மட்டும் எப்படி இல்லாமப் போவான்?"

"இருப்பான்க்கா. பாக்குறேன்."

அவர் படியிறங்கியதும் பார்த்தேன். கோப்பில் அவன் இருந்தான். மேப்புக்குள் இல்லை. அவன் குழி எண்ணில் அவனுடைய அப்பா இருந்தார். நான் உள்ளே போட்டவர்களுக்கும் உள்ளே இருந்தவர்களுக்கும் நூறு பேருக்குமேல் வித்தியாசம். என் தாத்தாவும் இல்லை. முந்தின நாள் பொன்னாடையோடு எங்கள் குழியருகே நின்று, அவர் பெயர் வராததைக் கவனிக்காமல் வந்திருக்கிறேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வருடம் சரிசெய்தால் போதும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். பக்கத்துப் பங்குகளிலிருந்தும் என் நிரலைக் கேட்டு ஆள் வந்துபோயிருந்த வாரம் அது.

அக்காவின் மருமகளுக்குத் திருநாளுக்கு முன்பே மறுமணம் பேசியிருந்தார்கள். பேசியதே அந்த அக்காதான். "சின்னஞ்சிறுசு, எனக்குக் காவலா எத்தனை நாளைக்கு?" என்று சாமியாரிடம் அவரே போய்ச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை தரங்கம்பாடிப் பக்கம் பள்ளி ஆசிரியர், மனைவியை இழந்தவர். தை மாதம் கல்யாணம். எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. நான் பார்த்தவரை யாரும் எதுவும் சொன்னதில்லை.

இரண்டாவது ஓலையன்று பெண்கள் பக்கத்திலிருந்து அந்த அக்கா எழுந்தார்.

"சாமி, தடை இருக்கு. அவ புருசன் சாவல."

சாமியார் கையிலிருந்த ஓலையைத் தாழ்த்தினார். அக்கா நிறுத்தவில்லை.

"செத்தவங்க பேர வாசிச்சீங்க. அவன் பேர வாசிக்கல. பெட்டிய நான் தொறந்து பாக்கல. அவங்கப்பாவுக்குக் குழி வெட்டினவனக் கேட்டேன், பெட்டி தெரிஞ்சுதாடான்னு. தண்ணி ஊறிடுச்சும்மா, அதுவரைக்கும் போகலன்னுட்டான். எவனும் பாக்கல. அவன் எங்கயோ இருக்கான்."

மருமகள் தலையில் முக்காட்டோடு முன்வரிசையில் இருந்தாள். திரும்பவில்லை. அவளுடைய முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: அது என் தப்பு, ஒரு எண்ணில் இரண்டு பேரைப் போட்டுவிட்டேன். என் கைகள் முன் பெஞ்சைப் பிடித்திருந்தன. எழவில்லை.

பூசை முடிந்ததும் சாமியார் என்னைப் பீடத்துக்குப் பின்னால் இருந்த சக்ரீஸ்து அறைக்குள் கூப்பிட்டார். பூசை உடுப்பைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை. "சார், பேர் விட்டுப்போச்சா?"

"இல்ல சாமி. லிஸ்ட்ல இருக்கு. மழையில தாள் நனைஞ்சு ஒட்டிக்கிச்சு இல்லையா, நீங்க ஒரு வரி தாண்டியிருப்பீங்க."

சொன்னேன். அப்படியே, இதே வார்த்தைகளில்.

அவர் என்னை ஒரு கணம்கூடச் சந்தேகிக்கவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று, தூதரகத்துக் காகிதம் இருக்கிறது, இறப்பில் சந்தேகமில்லை, பெயரைத் தாண்டியது என் தவறு, மன்னியுங்கள் என்று சபைமுன் கேட்டுக்கொண்டார்.

அக்கா கோயில் வாசலில் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "முப்பது வருசமா பூசையில ஒரு வார்த்தை தாண்டாத சாமி. எம் பிள்ளை பேருல மட்டும் ஏன் தாண்டினாரு? யாரு தாண்ட வச்சா?"

இயந்திரம் தப்பு செய்தது என்றால் அந்த அம்மா ஏற்றுக்கொண்டிருப்பார். டிராக்டர் நிற்பதையும் மோட்டார் புகைவதையும் பார்த்தவர்தான். சாமியாரின் வாய் தவறியது என்றதும் அது அடையாளமாகிவிட்டது. கல்யாணம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் பயந்துவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், நானும் அப்படியே நம்பினேன். மருமகள் நீடாமங்கலத்தில் தன் பிறந்த வீட்டுக்குப் போனாள். கோடையில் வீட்டு வேலைக்கு மஸ்கட் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதே மஸ்கட்.

அந்த ஆடியிலிருந்து கோயிலுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அக்காவுக்குப் போன் வரத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு. யாரோ ஒருவர் பேர் சொல்லாமல் அக்காவைக் கூப்பிடச் சொல்கிறார் என்று பூத்துக்காரர் ஆளனுப்புவார், அக்கா ஓடிவருவார், ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் நான் அங்கே இருந்தேன். அவர் "ஐயா... ஐயா..." என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, ரிசீவரை என் காதில் வைத்தார். கடல் இரைவதுபோல் ஒரு சத்தம். அதற்குள், தூரத்தில், ஒரு மூச்சு.

"பேச மாட்டேங்குறான் தம்பி. இருக்கான்னு காட்டிக்கிறான்."

நான் ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, கோப்பைத் திறந்து, அவன் பெயர் இருக்கும் வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் செத்துவிட்டான் என்பதை எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்டோபரில் நிரலைத் திருத்தினேன். குழி எண்ணுக்கு ஒரு பெயர் என்பதை மாற்றி ஒரு பட்டியல் என்று வைத்தேன். சுற்றுக்குள் இன்னொரு சுற்று. ஒவ்வொரு குழியருகிலும் நின்று, உள்ளே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த குழிக்குப் போகும். அரை மணி நேர வேலை. யாரிடமும் சொல்லவில்லை.

அந்தத் திருநாளில் வாசிப்பு முடியவே இல்லை. மெழுகுவத்திகள் பாதம் வரை எரிந்து அணைந்தன. யாருக்கும் நினைவில்லாத பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன. சிலுவை போட்டுக்கொள்ள ஆளில்லாத பெயர்கள். உபதேசியார் என் பக்கம் சாய்ந்தார்.

"என்ன சார், போன வருசத்துக்கப்புறம் ஊர்ல இத்தனை சாவு விழலையே? இவங்கல்லாம் எங்கேர்ந்து வர்றாங்க?"

அக்கா மகனின் பெயர் வந்தது. உடனே அவன் அப்பாவின் பெயர். அக்கா குழியருகே மணையில் உட்கார்ந்திருந்தார். கை சிலுவைக்கு எழவில்லை. கூட்டம் கலைந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"எப்பத் தம்பி செத்தான்?"

"அக்கா..."

"போன வருசம் இல்ல. இந்த வருசம் இருக்கான். நடுவுல எப்ப?"

"அவன் போயி அஞ்சு வருசம் ஆச்சுக்கா. பெட்டி வந்துச்சே."

"அப்ப போன்ல மூச்சு விட்டது யாரு?"

எனக்குத் தெரியாது. அன்று உண்மையிலேயே தெரியாது. நான் பேசாமல் நின்றதை அவர் வேறு பதிலாக எடுத்துக்கொண்டார். தலையை மெதுவாக ஆட்டினார். "பொண்டாட்டிய இருக்க விடாம வெரட்டிட்டேன். ஏங்கிச் செத்திருக்கான்," என்றார். எனக்கல்ல, தனக்குச் சொல்வதுபோல. அதற்குப் பிறகு பூத்திலிருந்து ஆள் வந்தால் அவர் போகவில்லை. செத்தவன் எதற்குப் போன் பண்ணுகிறான் என்று திருப்பி அனுப்பிவிட்டார். கொஞ்ச நாளில் போனும் நின்றுபோனது.

நிரல் ஒழுங்காக ஓடியது. சாமியார்கள் மாறினார்கள். என் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டவர் வேறு பங்குக்குப் போய் அங்கேயே காலமானார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு சித்திரையில் அக்கா இறந்தார். மருமகள் மஸ்கட்டிலிருந்து வருகிறாள் என்று உடலை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். நரைத்த முன்மயிரோடு, தோளில் ஒரு பையோடு வந்தாள். மாமியாரை அதே குழியில் வைப்பதாக முடிவு. ஆற்றில் தண்ணீர் இல்லாத காலம், மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அன்று காலை நான் வரைபடத்தோடு குழியைக் காட்டப் போனபோது அவளும் வந்து நின்றாள். குழி வெட்ட உள்ளே இறங்கியவர், மேலாக இருந்த அவன் அப்பாவின் எலும்புகளைத் துணியில் எடுத்துவைத்துவிட்டு நெஞ்சளவு ஆழத்துக்கு வெட்டியதும் மண்வெட்டி தகரத்தில் பட்டது. அந்தச் சத்தம் எங்கள் மூவருக்கும் கேட்டது.

"பெட்டி இருக்குங்க. வெளிநாட்டுப் பெட்டி. தகரம் உள்ளுக்கு அப்படியே இருக்கு," என்று அவர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். குனிந்து தகரத்தின் விளிம்பை விலக்கிப் பார்த்தவர், "ஆளும் இருக்காருங்க," என்றார், தணிந்த குரலில்.

அவள் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு விளங்கவில்லை. இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் சொன்னேன். குழி எண், பெயர், மேப்புக்குள் அவனுடைய இடத்தில் அவன் அப்பா, சக்ரீஸ்தில் நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.



"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பயப்படல சார்," என்றாள். "நான்தான் வேணாம்னு சொல்லி அனுப்பினேன். அன்னைக்குக் கல்லறையில நானும்தானே நின்னேன். அவரு பேருக்காக நானும்தான் காத்திருந்தேன். வரல. அத்தை கோயில்ல எந்திரிச்சப்ப எனக்கு ஆச்சரியமே இல்ல. தாலி கட்டிக்கிட்டு உள்ள போறேன், பின்னாடியே இவரு வந்து கதவத் தட்டினா?"

"அடுத்த வருசம் வாசிச்சோமேம்மா..."

"எனக்கு யாரு சார் சொன்னா? அங்க வெள்ளிக்கிழமை லீவு. பஸ் ஸ்டாண்டுல போயி நிப்பேன். நம்ம ஆளுங்க கூட்டம் கூட்டமா வருவாங்க. ஒவ்வொரு மூஞ்சியாப் பாப்பேன். இவரு இல்ல, அடுத்தவரு. இவரு இல்ல, அடுத்தவரு." நிறுத்தினாள். "பூத்துக்குப் போன் பண்ணினது நான்தான், அத்தையக் கூப்பிடச் சொல்றதுக்கு மட்டும் பக்கத்துல நிக்கிற ஆம்பளை யாரையாவது பேச வைப்பேன். அவரு வந்துட்டாரான்னு கேக்கணும். அத்தை குரல் கேட்டதும் வாய் வராது."

குழிக்குள் இருந்தவர் மேலே பார்த்து, இன்னும் வெட்டவா போதுமா என்று கேட்டார். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன்.

"என்னை மன்னிச்சிரும்மா," என்றேன்.

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"அவரு பேர வாசிங்க சார்."

"இப்பவா? நவம்பர்ல..."

"இப்ப. எனக்குக் காதுல விழணும். நீங்க வாசிங்க."

கையில் தாள் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. சித்திரை வெயிலில், திறந்த குழியின் ஓரத்தில் நின்று, கல்லூரியில் வருகைப் பதிவு எடுத்த அதே குரலில் அவன் பெயரைச் சொன்னேன். ஒரு பெயர்தான். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகும் நகரவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, குழியைப் பார்த்தபடி, அழைத்தவருக்கு உள்ளேயிருந்து பதில் வரக் காத்திருப்பவள்போல நின்றுகொண்டிருந்தாள். நானும் நின்றேன்.